கையை எடு

தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுத என்று
மண்டல அலுவலகத்துப் பெண் கேட்டாள்.
பத்திரிகையாளர் என்றேன்.
அரசு அங்கீகாரம் உண்டா என்றாள்
தலை தூக்காமலே.
இறப்புப் பதிவு வரிசையில் நின்று
சிரித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

தவசிமுத்து,
அந்த அட்டையைத்தான் நீ
உறை பிரிக்காமல் திருப்பி அனுப்பினாய்.
இலவச பஸ் பாஸ் போயிற்று,
வீட்டு வசதி வாரியத்து மனை போயிற்று.
"யாரைத் திட்டப் போகிறேனோ
அவரிடமே போய்
திட்டுவதற்கு உரிமம் வாங்கவா?"
மாதம் இருபத்தாறாம் தேதி அது.
ஐம்பது ரூபாய் கைமாற்று கேட்டதும்
அதே மூச்சில்தான்.

கொத்தவால் சாவடியில் உன் அப்பாவுக்கு வெங்காய மண்டி.
சுவரில் பதினோரு உரிமங்கள், சட்டம் போட்டு.
இடமில்லாமல் பிள்ளையார்
கல்லாப்பெட்டிக்குள் இருந்தார்.

அரிசி மாவட்டம் தாண்டக் கூடாது என்றிருந்த வருஷம்
லாரியில் மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்தாயாம்,
சோதனைச் சாவடியில் ஒருத்தியின் வயிற்றை
அமுக்கிப் பார்த்தார் காவலர்,
அரிசியா பிள்ளையா என்று.
பிள்ளைதான்.
அவள் சொன்னது இரண்டே சொல்.
உன் பத்திக்குத் தலைப்பு அன்றைக்கே கிடைத்துவிட்டது,
எழுதத்தான் பத்து வருஷம் ஆயிற்று.

வாரம் அறுநூறு சொல், முப்பத்தொரு வருஷம்.
மெய்ப்புத் திருத்தியவன் நான்.
உன் ஒற்றுப்பிழைகளைத் திருத்தினேன்,
கருத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை.
நான் செங்கொடிச் சங்கம். உனக்கும் தெரியும்.

எண்பத்து நாலில் எங்கள் அச்சகத்தில் வேலைநிறுத்தம்.
வெளியே எங்கோ அடித்து வந்த இதழில் எழுதியிருந்தாய்:
வேலையை நிறுத்த இவர்களுக்கு உரிமை உண்டு.
உள்ளே போக அவர்களுக்கும் உண்டு.
முதல் வரிக்காக முதலாளி
அரை மாதச் சம்பளத்தைப் பிடித்தார்.
இரண்டாவதற்காக எங்கள் ஆட்கள்
உன் சைக்கிளில் காற்றைப் பிடுங்கினார்கள்.
ஆட்கள் இல்லை, நான்.
ராயப்பேட்டையிலிருந்து பெரம்பூர் வரை
தள்ளிக்கொண்டே போனாயாமே.

வரியைக் குறை என்று எழுதியபோது
மாலையோடு வந்தவர்கள்,
மாட்டுக்கறிக் கடையை மூடவந்த கைக்கும்
ஓடிப்போன ஜோடியைப் பிரித்த கைக்கும்
அதே இரண்டு சொல்லைச் சொன்னபோது
அரங்கைவிட்டு எழுந்து போனார்கள்.
தொலைக்காட்சியில்
இவர்கள் உன்னை அவர்கள் ஆள் என்றார்கள்,
அவர்கள் இவர்கள் ஆள் என்றார்கள்.
நீ பேசியது மொத்தம் நான்கு நிமிடம்,
அதில் மூன்று மற்றவர்கள் பேசினார்கள்.

பாண்டி பஜாரில் நடைபாதைக் கடைகளைத் தூக்கிய அன்று மட்டும்
நாம் இரண்டு பேரும் ஒரே பக்கம்.
எங்கள் பந்தலுக்கு அனுமதி இருந்தது.
அதனால் நீ பத்தடி தள்ளி
வெயிலில் உட்கார்ந்தாய்.
டீ மட்டும் வாங்கிக்கொண்டாய்.

ரேஷன் கார்டை ஒப்படைத்துவிட்டேன் என்று
ஒரு முறை எழுதினாயே,
சொர்ணம் ஒப்படைக்கவில்லை.
அயனாவரத்து வரிசையில் மஞ்சள் பையோடு பார்த்தேன்.
உன் காப்பியில் இருபது வருஷம்
சர்க்காரின் சர்க்கரை.
மெய்ப்பில் தெரிந்தே விட்ட பிழை
அது ஒன்றுதான், தவசி.

கணினியில் அவள் அடிப்பதைக்
கண்ணாடிக்கு இப்பாலிருந்து படித்தேன்.
பத்திரிக்கையாளர்.
க் வராதும்மா, என்றேன்.
அப்படித்தான் சார் எல்லாரும் போடறாங்க.
விரல் தானாகவே
கீழ்ச்சந்து வழியாக நுழைந்து
திரையைத் தொடப் போனது.

கையை எடுங்க சார், என்றாள்.

எடுத்தேன்.
மாற்ற வேண்டுமானால்
தனி விண்ணப்பமாம், புதன்கிழமை வரவேண்டுமாம்.
மூன்று பிரதி வாங்கிக்கொண்டு
சொர்ணத்திடம் கொடுக்கப் போகிறேன்
இருபத்தொன்பது சியில், நின்றபடி.